அடிக்கிற கைதான் அணைக்குமா?

(சகோதரிகள் ஐக்கியத்திற்கும் வீட்டு ஜெபக்குழுக்களுக்கும் மாதப் பாடம். வாசிக்க: 1 சாமுவேல் 19, 24, 26 அதிகாரங்கள்)



இந்தப் பாடத்தை எழுத உட்காரும்போது ஒரு முகம் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது. 2004-ம் ஆண்டு, ஒரு வெள்ளிக்கிழமை. உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஒரு சகோதரி மட்டும் பாய்களைச் சுருட்டுகிற சாக்கில் பின்தங்கினாள். கன்னத்தில் வீக்கம். "என்னம்மா இது?" என்றேன். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் அக்கா" என்றாள். அப்புறம் தானாகவே சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டேன். கேட்டுவிட்டு நான் சொன்னது என்ன தெரியுமா? "பொறுத்துக்கோம்மா. உன் நடக்கையினாலதான் அவரை ஆதாயப்படுத்தணும். ஜெபம் பண்ணுவோம்." தலையில் கைவைத்து ஜெபித்து, நானே ஆட்டோ பிடித்து அவளை வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். நல்ல காரியம் செய்துவிட்டதாகத்தான் அன்று தூங்கப் போனேன்.

மூன்று மாதம் கழித்து அவள் கை முறிந்தது. அப்போது அவள் எங்கள் யாரிடமும் வரவில்லை. பக்கத்து வீட்டில் இருந்த, நம் விசுவாசத்தைச் சேராத ஒரு அம்மாதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நான் போய்ப் பார்த்தபோது அவள் கோபப்படவில்லை. "உங்ககிட்ட வந்தா நீங்க திருப்பி அனுப்பிடுவீங்கன்னு தெரியும்க்கா, அதான்" என்று மட்டும் சொன்னாள். அந்த வார்த்தைக்குப் பிறகுதான் இந்தக் காரியத்தைப் படிக்க வேண்டும் என்கிற பாரம் வந்தது. ஆலோசனைப் பயிற்சி எடுத்து, அடிபட்ட பெண்களுக்குத் துணை நிற்கிற ஓர் இடத்தில் சில வருஷம் உதவியும் செய்தேன். அங்கே கற்றதைத்தான் இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அங்கே வேலை செய்கிறவர்களை ஆலோசகர் என்பார்கள், கேஸ் ஒர்க்கர் என்பார்கள். பெயர் எதுவானாலும் அவர்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம் சட்டம் அல்ல. ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "எப்போது ஒரு புருஷன் பெண்டாட்டியை அடித்தால் நியாயம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்? பெயர் போடாமல் எழுதுங்கள்" என்றார்கள். நான் சிரித்தேன். அப்புறம் எழுதினேன். தாள்களைப் பிரித்து வாசித்தபோது வகுப்பில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. "நடத்தை சரியில்லேன்னா", "மாமியாரை எதிர்த்துப் பேசினா", "பிள்ளையைக் கவனிக்காம விட்டா" என்று எழுதியிருந்தது உதவி செய்ய வந்த நாங்களேதான்.

இது எங்கள் வகுப்பின் விசேஷம் அல்ல. 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில் ஏழு காரணங்களைச் சொல்லிக் கேட்டார்கள். சொல்லாமல் வெளியே போவது, வீட்டையோ பிள்ளைகளையோ கவனிக்காமல் விடுவது, எதிர்த்துப் பேசுவது, படுக்கைக்கு மறுப்பது, சரியாகச் சமைக்காதது, நடத்தையில் சந்தேகம், மாமனார் மாமியாரை மதிக்காதது. இவற்றில் ஒன்றுக்காவது அடிக்கலாம் என்று சொன்ன ஆண்கள் நூற்றுக்கு 44 பேர். பெண்கள் எத்தனை பேர்? 45! அடிவாங்குகிற கூட்டத்திலேதான் அந்த நம்பிக்கை ஒரு படி அதிகமாக இருக்கிறது. ஆகையால், ஒரு பெண் வந்து "என் மேலயும் தப்பு இருக்கு" என்று ஆரம்பித்தால் பயிற்சி பெற்றவர் ஆச்சரியப்படுவதில்லை. "எனக்குள்ளும் அது இருந்தது" என்று நினைத்துக்கொண்டுதான் பேசத் தொடங்குகிறார்.

அதே ஆய்வின் இன்னொரு கணக்கையும் சொல்கிறேன். கல்யாணமான, 18 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் புருஷனிடம் வன்முறை அனுபவித்தவர்கள் இந்தியா முழுவதும் நூற்றுக்கு 29 பேர். தமிழ்நாட்டில் 38 பேர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நம் பெண்கள் பக்கத்தை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். "நம்ம சபையில அப்படியெல்லாம் இல்ல" என்று சொல்லத் துணியாதீர்கள். இருக்கிறது. நம்மிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். வன்முறை அனுபவித்த பெண்களில் உதவி தேடினவர்கள் நூற்றுக்கு 14 பேர்தான். 77 பேர் உதவியும் தேடவில்லை, ஒருவரிடமும் வாய் திறக்கவும் இல்லை.

குடியும் கோபமும்

நம் மத்தியில் முதலில் வருகிற பேச்சு, "அவர் நல்லவர்தான், குடிதான் கெடுக்குது." இதை ஒரேயடியாகப் பொய் என்று தள்ளிவிட முடியாது. புருஷன் அடிக்கடி குடித்து வெறிக்கிற வீடுகளில் நூற்றுக்கு 70 பெண்கள் அடியோ பாலியல் கொடுமையோ அனுபவித்திருக்கிறார்கள் என்கிறது ஆய்வு. ஆனால் குடிக்கவே குடிக்காத புருஷனுடைய வீடுகளில்? அங்கேயும் 23 பேர். அவர்களை அடித்தது எந்தச் சாராயம்?

அனுபவமுள்ள ஆலோசகர் இதை வாக்குவாதமாகப் பேசமாட்டார். மெதுவாகக் கேள்வி கேட்பார். "குடிச்சிட்டு வரும்போது வழியில போலீஸ்காரரை அடிச்சிருக்காராம்மா?" "இல்ல." "முதலாளியை?" "ஐயோ, அவர் முன்னாடி நிக்கவே மாட்டாரு." "உங்களை எங்க அடிப்பாரு?" "முதுகுல. வெளியே தெரியாத மாதிரி." அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்லமாட்டார். தலைகால் தெரியாத போதையில் இருக்கிறவனுக்கு எந்த இடத்தில் அடித்தால் புடவை மறைக்கும் என்று எப்படித் தெரியும்? அந்தக் கேள்வியை அவளே கேட்டுக்கொள்ள வேண்டும். நாம் கேட்டால் அவள் புருஷனுக்காக வாதாடுவாள். அவளே கேட்டால் அது அவளுக்குள் தங்கும்.

நம் சபைக்கு இதில் ஒரு விசேஷமான ஆபத்து உண்டு. ஒரு சகோதரன் இரட்சிக்கப்பட்டு, குடியை விட்டு, மேடையில் நின்று சாட்சி சொல்லுகிறார். நாம் கைதட்டி ஸ்தோத்திரம் சொல்லுகிறோம். குடி போனது மெய். ஆனால் கையும் நின்றதா? அதை அவருடைய மனைவியிடம், அவள் தனியாக இருக்கும்போது, யாராவது கேட்டோமா? சாட்சி சொன்ன பிற்பாடு அவளுக்கு இருந்த ஒரே சாக்கும் போய்விடுகிறது. "ஊழியக்காரர் மாதிரி இருக்காரு, இப்ப நான் போய் என்னத்தச் சொல்ல?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு.

கோபத்தின் காரியமும் இப்படித்தான். "கோபம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது" என்கிறோம். அமெரிக்காவில் மினசோட்டா மாகாணத்தில் துலூத் என்று ஓர் ஊர். அங்கே 1980-களின் தொடக்கத்தில் எல்லன் பென்ஸ் என்ற சகோதரியும் உடன் ஊழியர்களும் அடிபட்ட பெண்களைக் கூட்டி உட்காரவைத்து, அவர்களுடைய வாழ்க்கையைக் கேட்டு எழுதினார்கள். 1984-ல் அதை ஒரு சக்கரமாக வரைந்தார்கள். வெளி வளையத்தில் அடி, உதை. உள்ளே ஒவ்வொரு ஆரத்திலும் மிரட்டுவது, கேவலப்படுத்துவது, தாய்வீட்டோடு பேசவிடாமல் தனிமைப்படுத்துவது, பிள்ளைகளைக் கருவியாக்குவது, காசைக் கையில் வைத்துக்கொள்வது. சக்கரத்தின் குடத்தில் எழுதியிருப்பது கோபம் அல்ல, அதிகாரம். தினமும் அடிக்க வேண்டியதில்லை, வருஷத்துக்கு ஒருமுறை அடித்தால் போதும், மீதி 364 நாளும் ஒரு பார்வையிலேயே வேலை நடக்கும் என்று அந்தப் பெண்கள் வாழ்க்கை காட்டிற்று. (எல்லாருக்கும் இது பொருந்தாது, நாங்கள் எல்லா ஆண்களையும் ஒரே அச்சில் வார்த்துவிட்டோம் என்று பின்னாளில் எல்லன் பென்ஸே ஒப்புக்கொண்டு எழுதினார். உண்மையான வேலைக்காரர் அப்படித்தான் இருப்பார். ஆனாலும் நம் ஊர் பெண்களிடம் அந்தச் சக்கரத்தைக் காட்டும்போது, "இது எங்க வீடுதான்" என்று விரல் வைத்துக் காட்டுகிறார்களே!)

நம் நாட்டிலும் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005 இதை அறிந்தே எழுதப்பட்டது. உடல் கொடுமை, பாலியல் கொடுமை, வார்த்தையாலும் மனதாலும் செய்கிற கொடுமை, பணத்தால் செய்கிற கொடுமை என்று நான்கையும் அது வன்முறை என்கிறது. சம்பள நாளில் ஏ.டி.எம். கார்டைப் பிடுங்குவது, போட்டு வந்த நகையைக் கேட்காமல் அடகு வைப்பது, கைச்செலவுக்குக் கெஞ்சவிடுவது எல்லாம் இதில் அடங்கும். "ஒரு நாளும் கை நீட்டினதில்லை" என்று பெருமையாகச் சொல்லுகிற சகோதரர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

"அப்புறம் ஏன் அங்கேயே இருக்கா?"

இந்தக் கேள்வியில்தான் அதிக நேரம் செலவழிக்கப் போகிறேன், ஏனென்றால் நம்மில் இரக்கமுள்ளவர்களும் இடறுகிற இடம் இது.

ஒரு பெண் நான்கு முறை தாய்வீட்டுக்கு வருகிறாள், நான்கு முறையும் திரும்பிப் போகிறாள். ஐந்தாம் முறை நாமே சலித்துப்போய், "அவளுக்கே விருப்பம் போல" என்கிறோம். ஆலோசகர்கள் இந்தக் கேள்வியையே திருப்பிப் போடுகிறார்கள். அவள் ஏன் போகவில்லை என்று கேட்காமல், போனால் என்ன நடக்கும் என்று அவளிடமே கேட்கிறார்கள். அப்போது வருகிற பதில்களைக் கேளுங்கள். "தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகல, நான் வாழாவெட்டியா வந்து உக்காந்தா அவளை யார் எடுப்பா?" "பையன் பத்தாவது." "வீட்டு வாடகை அட்வான்ஸ் யார் கொடுப்பா?" "அப்பா ஹார்ட் பேஷண்ட்." இன்னொரு பதில் தாழ்ந்த குரலில் வரும்: "போனா கொன்னுடுவேன்னு சொல்லியிருக்காரு."

இந்தக் கடைசிப் பதிலை இந்த வேலையில் இருக்கிறவர்கள் ஒருபோதும் லேசாக எடுப்பதில்லை. பெண் வெளியேறுகிற நேரமும், வெளியேறப் போகிறாள் என்று அவன் அறிகிற நேரமும்தான் அவள் உயிருக்கு மிக ஆபத்தான நேரம். இது பல நாடுகளிலும் கண்டறிந்த உண்மை. "இப்பவே பையைத் தூக்கிட்டு வாம்மா" என்று வீரமாகச் சொல்லுகிறவரும், "பொறுத்துப் போ" என்று சொன்ன என்னைப் போன்றவரும் ஒரே தவறைத்தான் செய்கிறோம். இருவருமே அவளுக்காக நாம் முடிவெடுக்கிறோம். ஆபத்தின் அளவு அவளுக்குத்தான் தெரியும். அவன் படியேறும் சத்தத்திலேயே அன்றைய ராத்திரி எப்படி இருக்கும் என்று கணிக்கக் கற்றவள் அவள்.

அதனால் போவதா இருப்பதா என்று பேசும் முன்னே அவர்கள் பாதுகாப்புத் திட்டம் ஒன்று போடுகிறார்கள். சண்டை கிளம்பும்போது சமையலறைக்குள் போகாதே. கத்தியும் மண்ணெண்ணெயும் அடுப்பும் அங்கே இருக்கிறது. கதவுள்ள பக்கம் நில். ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக், மாத்திரைச் சீட்டு இவற்றின் நகல்களை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வை. பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஓர் அடையாளம் பேசி வை. பிள்ளைகளுக்குச் சண்டையின் நடுவே வராதே என்றும், எந்த வீட்டுக்கு ஓட வேண்டும் என்றும் சொல்லிக்கொடு. இதைச் செய்தவள் அன்றைக்கே வீட்டைவிட்டுப் போய்விடப் போவதில்லை. ஆனால் ஒரு நாள் போக வேண்டியிருந்தால் வெறுங்கையோடு நிற்கமாட்டாள்.

மண்ணெண்ணெய் என்று எழுதும்போது கை நிற்கிறது. தீக்காய வார்டு பார்த்தவர்களுக்குத் தெரியும். "ஸ்டவ் வெடிச்சிடுச்சு" என்பதுதான் அங்கே முதலில் கேட்கிற வார்த்தை. கட்டில் பக்கத்தில் புருஷன் நிற்பான், மாமியார் நிற்பார். சென்னையில் 2001-ல் தொடங்கின பி.சி.வி.சி. என்ற நிறுவனத்தின் ஊழியர்கள் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயப்பட்ட பெண்களுக்குத் துணை நிற்கிற வேலையைச் செய்துவருகிறார்கள். இப்படிப்பட்ட வார்டில் துணைக்கு நிற்கிறவர் துருவித் துருவிக் கேட்கிறதில்லை. தண்ணீர் கொடுப்பார், கட்டு மாற்றும்போது கூட இருப்பார், மறுநாளும் வருவார், அதற்கு மறுநாளும் வருவார். அவர்கள் இல்லாத ஒரு நிமிஷத்தில் அவளே வாய் திறந்தால் திறக்கட்டும் என்று காத்திருப்பார். நாம் விடியவிடிய ஜெபிக்கிறவர்கள். காத்திருக்கிறது நமக்குத் தெரியாத காரியமா?

நம் வாயிலிருந்து வருகிறவை

"கல்லானாலும் கணவன்" என்பது உலகத்தார் சொல்லுகிற சொல். நாம் அதையே வேறு வார்த்தையில் சொல்லுகிறோம். "இது உன் சிலுவை." "கீழ்ப்படி." "மன்னிச்சிட்டு வீட்டுக்குப் போ." "கர்த்தர் தள்ளிவிடுதலை வெறுக்கிறார்."

கடைசியில் சொன்னதற்கு மல்கியா 2:16-ஐக் காட்டுகிறோம். அந்த வசனத்தை முழுவதும் வாசியுங்கள். பின்பாதி, கொடுமை செய்கிறவனைப் பற்றியது. அதற்கு முன் 13-ம் வசனத்திலிருந்து வாசித்தால், பேசப்படுவது மனைவிக்குத் துரோகம் பண்ணுகிற புருஷனோடு என்று தெரியும். புருஷனுக்குச் சொன்ன எச்சரிப்பை எடுத்து மனைவியின் கழுத்தில் மாட்டினது நாம்தான். 1 பேதுரு 3-ம் அதிகாரத்தின் முதல் வசனத்தை எத்தனை பெண்களுக்குச் சொல்லியிருப்பேன்! ஏழாம் வசனத்தை ஒரு புருஷனுக்காவது சொல்லியிருப்பேனா? மனைவியைக் கனம்பண்ணாதவனுடைய ஜெபம் தடைப்படும் என்று அது சொல்லுகிறது. உபவாசமும் முழுஇரவு ஜெபமுமாக இருக்கிற சபைக்கு இதைவிடப் பயங்கரமான வசனம் வேறு என்ன வேண்டும்?

எனக்குப் பயிற்சி கொடுத்த ஆலோசகர் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர் அல்ல. அவர் ஒருபோதும் ஒரு பெண்ணின் விசுவாசத்தைப் பரியாசம் பண்ணினதில்லை. "அவங்க கையில பிடிச்சிருக்கிற கயிறை அறுத்துட்டா எதைப் பிடிச்சு மேல வருவாங்க?" என்பார். ஒருநாள் ஒரு விசுவாசி, "நான் ஓடிப்போனா அது அவிசுவாசம்" என்று அழுதபோது அவர் கேட்டார்: "உங்க வேதத்துல நல்லவங்க யாரும் தப்பிச்சு ஓடினதே இல்லையாம்மா?" அவள் அழுகையை நிறுத்தி யோசித்தாள். அப்புறம், "தாவீது ஓடினான்" என்றாள்.

அந்தப் பகுதியைத்தான் இந்த மாதம் வாசிக்கக் கொடுத்திருக்கிறேன். சவுல் தாவீதுக்கு ராஜா, மாமனார், அபிஷேகம்பண்ணப்பட்டவன். தாவீது அவனைச் சபிக்கவில்லை, அவன்மேல் கை போடவில்லை. ஆனால் ஈட்டி வந்தபோது சுவரோடு நின்றுகொண்டிருக்கவும் இல்லை. விலகினான். அந்த ராத்திரி ஜன்னல் வழியாக அவனை இறக்கிவிட்டது யார்? அவன் மனைவி மீகாள். இதற்குப் பின் வருவதை நன்றாகக் கவனியுங்கள். 24-ம் அதிகாரத்தில் சவுல் சத்தமிட்டு அழுகிறான். 26-ல், பாவம் செய்தேன், திரும்பி வா, இனி உனக்குப் பொல்லாப்புச் செய்யமாட்டேன் என்கிறான். தாவீது ஈட்டியைத் திருப்பிக் கொடுத்தான். மனதில் பகை வைக்கவில்லை. ஆனாலும் சவுலின் வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை, தன் வழியே போனான். மன்னிப்பதும் திரும்பிப் போவதும் இரண்டு வெவ்வேறு காரியங்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கிற்று. முப்பது வருஷம் வேதம் வாசித்தவள் நான்!

அழுகையைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. அடித்த மறுநாள் பூ வாங்கி வருவதும், காலில் விழுவதும், பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் பண்ணுவதும் வழக்கம். அதைத்தான் "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று பழமொழியாக்கி வைத்திருக்கிறோம். ஆலோசகர்கள் அந்தக் கண்ணீரைப் பொய் என்று சொல்லமாட்டார்கள். "போன தடவை அழுததற்கு அப்புறம் எத்தனை நாள் கழிச்சு அடிச்சாரு? அதுக்கு முந்தின தடவை?" என்று கேட்டு, காலண்டரில் குறித்துக் காட்டச் சொல்வார்கள். நாட்கள் குறைந்துகொண்டே வருவது அவளுக்கே தெரியும்.

உட்காரவைத்துப் பேசுவது

பாஸ்டர் ஐயாமார்களும் மூப்பர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசிக்க வேண்டும். வீட்டில் பிரச்சினை என்றால் இரண்டு பேரையும் கூப்பிட்டு எதிரெதிரே உட்காரவைத்து, "நீயும் கொஞ்சம் வாயைக் குறைச்சுக்கோம்மா, நீங்களும் கைய நீட்டாதீங்க பிரதர்" என்று சமமாகப் புத்தி சொல்லி, ஜெபித்து அனுப்புகிறோம். வாயும் கையும் சமம் என்று யார் சொன்னது? அவள் அந்த அறையில் உண்மையைச் சொன்னால் அதற்கான விலையை அன்று ராத்திரி வீட்டில் கொடுப்பாள். சொல்லாவிட்டால், "ஐயா முன்னாடியே ஒண்ணும் சொல்லலியே" என்று நாமும் விட்டுவிடுவோம்.

அதனால்தான் முதலில் அவளைத் தனியாகக் கேட்கிறார்கள். அவள் சம்மதமில்லாமல் அவனை அழைப்பதில்லை. நீதிமன்றம் அனுப்புகிற ஆலோசனைக்குக்கூட 2006-ம் ஆண்டு விதிகளில், செய்த வன்முறைக்கு எதிர்நியாயம் சொல்ல அவனுக்கு அனுமதி இல்லை என்று எழுதியிருக்கிறது. "அவ பேசினா, நான் அடிச்சேன்" என்பதை அங்கே எடுக்கவேமாட்டார்கள்.

இதைவிட நம்மை உறுத்த வேண்டியது ஜெபக் குறிப்பு. ஒரு சகோதரி ரகசியமாகச் சொன்னதை, "இன்னாருடைய குடும்ப சமாதானத்துக்காக ஜெபிச்சுக்கோங்க" என்று நாம் நான்கு பேரிடம் சொல்லுகிறோம். அந்த நால்வரில் ஒருத்தி அவன் அக்காவின் சிநேகிதி. சனிக்கிழமைக்குள் செய்தி அவனிடம் போய்விடும். இப்படி ஒரு பெண் பட்ட பாட்டை நான் கண்ணாரக் கண்டேன். அவள் பெயரைக் கர்த்தர் அறிவார், நமக்கு நினைவுபடுத்த வேண்டியது அவசியமில்லை. வாட்ஸ்அப் குழுவில் போடுகிறவர்களைப் பற்றி நான் என்ன சொல்ல!

சட்டம் என்றால் சிறையா?

"கேஸ் போட்டா அவர் ஜெயிலுக்குப் போயிடுவாரு, குடும்பம் போச்சு" என்பது மற்றொரு பயம். "பொய்க் கேஸ்தான் அதிகம்" என்று ஆண்கள் சொல்லுகிறதும் இதோடு சேர்ந்தது. இரண்டு சட்டங்களைக் குழப்பிக்கொள்வதால் வருகிற சிக்கல் இது. கணவனுடைய கொடுமையைக் குற்றமாக்கின 498-ஏ பிரிவு 1983-ல் வந்தது; 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ம் பிரிவு. அதிலும் உடனடியாகக் கைது செய்துவிடக் கூடாது, அவசியம் உண்டா என்று பார்க்க வேண்டும் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 2005-ம் ஆண்டுச் சட்டமோ வேறு வகை. அதில் மாஜிஸ்திரேட் முதலில் கொடுக்கிறது "அடிக்காதே, அவள் வேலை செய்கிற இடத்துக்குப் போகாதே, வீட்டைவிட்டுத் துரத்தாதே, செலவுக்குக் கொடு" என்கிற உத்தரவுதான். பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் ஒரு வருஷம் வரை சிறை, இருபதாயிரம் ரூபாய் வரை அபராதம்.

விவாகரத்து கேட்க வேண்டியதில்லை. தாலியோ மோதிரமோ அப்படியே இருக்க, மனைவியாகவே இருந்துகொண்டு பாதுகாப்பு கேட்கலாம். எல்லா மதத்துப் பெண்களுக்கும் உண்டு. வீடு மாமனார் பெயரில் இருக்கிறது என்று பயப்படுகிறவர்களுக்கு, 2020-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ஒன்று உண்டு: மருமகள் குடும்பமாக வாழ்ந்த வீடு மாமனார் மாமியாருக்குச் சொந்தமானதாக இருந்தாலும் அதில் தங்குகிற உரிமையை அவள் கேட்கலாம்.

பெண்களிடம் அடிவாங்குகிற ஆண்களும் உண்டே என்று கேட்கலாம். உண்டு, அவர்கள் வந்தாலும் இதே மரியாதையோடு கேளுங்கள். படித்த குடும்பங்களில் இது கிடையாது என்பார்கள். படிப்பு ஏற ஏறக் குறைகிறது, இல்லாமல் போகிறதில்லை. அந்த வீடுகளில் ஜன்னல் சாத்தியிருக்கும், அவ்வளவே.

நீங்கள் என்ன பேச வேண்டும்

ஒருத்தி உங்களிடம் வந்தால் பெரிய ஆலோசனை ஒன்றும் வேண்டாம். "நீ சொல்றதை நான் நம்புறேன்" என்று சொல்லுங்கள். "இது உன் தப்பு இல்லம்மா" என்று சொல்லுங்கள். "நீ என்ன செய்யணும்னு நினைக்கிற?" என்று கேட்டு, அவள் முடிக்கும் வரை வாயை மூடிக்கொண்டிருங்கள். எனக்கு இந்த மூன்றாவதைக் கற்றுக்கொள்ளத்தான் இரண்டு வருஷம் பிடித்தது. அப்புறம் ஜெபியுங்கள், அவள் விரும்பினால்.

181 என்கிற எண் பெண்களுக்கானது. ராப்பகல் எந்நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம். 2015-ல் தொடங்கின திட்டத்தின்படி சகி என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்கள் இருக்கின்றன. மருத்துவம், போலீஸ் உதவி, வக்கீல் ஆலோசனை, சில நாள் தங்க இடம் எல்லாவற்றுக்கும் அங்கேயே வழி செய்வார்கள். மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். மனு எழுதக்கூட அவர் உதவி செய்ய வேண்டும். வக்கீல் பீஸுக்குக் கையில் காசில்லையே என்றால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி 1987-ம் ஆண்டுச் சட்டத்திலேயே உண்டு.

போன மாதம் வெள்ளிக்கிழமை ஜெபம் முடிந்து செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு இளம் சகோதரி நின்றாள். நெற்றியில் பிளாஸ்திரி. "மழைக்கு மாடிப்படி வழுக்கிடுச்சு ஆன்ட்டி" என்றாள். "சரிம்மா. வீட்டுல பயமில்லாம தூங்க முடியுதா?" என்று மட்டும் கேட்டேன். வாட்ச்மேன் கேட்டைப் பூட்ட வந்து இரண்டு முறை திரும்பிப் போனார். அவள் அன்று ராத்திரி வீட்டுக்கே போனாள். மகளுக்கு அரைப் பரீட்சை நடக்கிறதாம். நான் தடுக்கவில்லை, போ என்றும் சொல்லவில்லை. 181-ஐ மனப்பாடம் பண்ணிக்கொண்டாள். சான்றிதழ்களின் நகல் ஒரு கவரில் போட்டு என் பீரோவில் இருக்கிறது. என் நம்பரை அவள் போனில் 'டெய்லர் அக்கா' என்று போட்டிருக்கிறாள்.